ஸ்கோலினும் நூறு தலைமுறைகளும்

மயக்கவியல் முதுநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் எனக்கு இரவுப் பணி இருந்த ஒருநாள், இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவரைக் குடல்வால் அழற்சிக்காக அவசர அறுவைக்குக் கொண்டுவந்தார்கள். வலி தொடங்குவதற்குச் சற்று முன்புதான் அவர் நான்கு பரோட்டா சாப்பிட்டிருந்தார். வயிறு நிறைந்திருப்பவருக்கு மயக்கம் கொடுக்கையில் உணவு மேலேறி மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடக் கூடாது என்பதுதான் எங்கள் தலையாய கவலை. எனவே, மயக்க மருந்து ஏறியதும் ஒரு நிமிடத்துக்குள் தசைகளையெல்லாம் தளர்த்தி, வாய் வழியாகக் குழாயைச் செலுத்தி, மூச்சுப்பாதையை அடைத்துப் பாதுகாத்துவிட வேண்டும். அத்தனை வேகமாகத் தசையைத் தளர்த்துவதற்கு அன்று எங்கள் தியேட்டரில் இருந்த மருந்து சக்சினைல்கோலின். இங்குள்ள மயக்க மருத்துவர்கள் அந்த முழுப்பெயரைச் சொல்வது அபூர்வம். பழைய வணிகப் பெயரான ஸ்கோலின் என்பதே எங்கள் வாயில் நிலைத்துவிட்டது.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குப்பியில் மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மருந்து. அவருடைய எடைக்கு 100 மில்லிகிராம், அதாவது இரண்டே மில்லிலிட்டர் போதும். ஊசி ஏறிய சில நொடிகளில் கண்ணிமையில் ஒரு துடிப்பு தொடங்கி, கழுத்து, தோள், மார்பு, தொடை என்று இறங்கிக் கால்விரல் வரை போய் அடங்கும். தோலுக்கடியில் புழு நெளிவது போலத் தெரியும் அந்தத் துடிப்பு ஓய்ந்தால் தசைகள் தளர்ந்துவிட்டன என்று பொருள். குழாயைச் செலுத்திப் பொருத்தினேன். வழக்கமாக ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் மருந்தின் வேலை முடிந்து, நோயாளி தானாக மூச்சிழுக்க முயல்வார். நம் கையிலிருக்கும் கருப்புப் பை லேசாகச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைக் கண்ணால் பார்த்த பிறகே நீண்டநேரம் வேலை செய்யும் அடுத்த தசைத் தளர்த்தியைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பேராசிரியர் பிடிவாதமாகச் சொல்லித்தந்த பழக்கம். அந்த இரவு வரை அதை நான் ஒரு சம்பிரதாயமாகத்தான் கடைப்பிடித்து வந்தேன்.

பை சுருங்கவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று. வயிற்றுக்குள் கேமராவை இறக்கியிருந்த அறுவை மருத்துவர், "ரிலாக்ஸேஷன் ரொம்ப நல்லா இருக்கு மேடம்" என்று பாராட்டினார். இரண்டாவது மருந்தை நான் இன்னும் கொடுக்கவேயில்லை என்பது அவருக்குத் தெரியாது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அறுவை முடிந்து, தையலும் போட்டாயிற்று. அப்போதும் மார்பு அசையவில்லை. மணிக்கட்டுக்கு அருகில் நரம்பின் மேல் இரண்டு மின்முனைகளை ஒட்டி, நரம்புத் தூண்டியை அழுத்தினேன். நான்கு முறை மின்சாரம் பாய்ந்தது. கட்டைவிரல் நான்கு முறை மடங்கியிருக்க வேண்டும். ஒருமுறைகூட மடங்கவில்லை.

பேராசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர், "ஸ்கோலின் அப்னியா. ஒண்ணும் பண்ணாதே. வென்டிலேட்டர்ல போடு, தூங்க வெச்சிரு, வெளியில போய் வீட்டு ஆளுங்ககிட்டக் கேளு" என்றார். அப்னியா என்றால் மூச்சு நின்றுபோவது. தூங்கவைக்கச் சொன்னதன் காரணம் முக்கியமானது. ஸ்கோலின் தசையை மட்டுமே கட்டிப்போடும், நினைவை அது தொடுவதில்லை. மயக்க மருந்து தெளிந்துவிட்டால், விழித்திருக்கும் மனிதர் கண்ணிமையைக்கூட அசைக்க முடியாமல், மூச்சுக்குழலில் குழாயோடு, சுற்றிலும் நடப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடப்பார். அதைவிடக் கொடுமையான ஒன்றை எங்கள் துறையில் நினைத்துப் பார்ப்பது கடினம்.

வெளியே நோயாளியின் அண்ணன் நின்றிருந்தார். தம்பிக்கு மூச்சு திரும்பத் தாமதமாகிறது என்றதும் அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த பதற்றம் இல்லை. "எங்க பெரியப்பாவுக்கும் ஹெர்னியா ஆபரேசனப்ப இப்படித்தானுங்க மேடம் ஆச்சு. காலையில பண்ணுனது, சாயங்காலந்தான் மூச்சு வந்துச்சுன்னு சொல்லுவாங்க. டாக்டருக்கு அனுபவம் பத்தலைன்னு அப்ப எல்லாரும் பேசிக்கிட்டாங்க" என்றார். எங்களுக்குக் கற்றுத்தரப்பட்ட அடுத்த கேள்வியைக் கேட்டேன்: அப்பாவும் அம்மாவும் சொந்தமா? "இல்லீங்க, அசலுங்க. அம்மாவுக்குக் குண்டூர்ப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால ரெண்டு குடும்பத்துக்கும் பழக்கமே கிடையாதுங்க." நான் அதைக் கேஸ் ஷீட்டில், உறவுமுறைத் திருமணம் இல்லை என்று எழுதிக்கொண்டு உள்ளே வந்தேன். அந்த ஒரு வரி எவ்வளவு குறைவான செய்தியைச் சொல்கிறது என்பது எனக்கு விளங்கப் பல மாதங்கள் ஆயின.

விடியற்காலை நான்கு மணி வாக்கில் கட்டைவிரல் முதல்முறையாகச் சிறிது அசைந்தது. ஐந்தரைக்குக் குழாயை எடுத்தோம். அவர் கண் விழித்ததும் தண்ணீர் கேட்டார்.

நடந்தது இதுதான். ஸ்கோலின் மூலக்கூறு என்பது, நரம்பு தசைக்குச் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது போன்ற அமைப்பு. இரத்தத்தில் ஏறியவுடன், கல்லீரலில் உருவாகி இரத்த நீரில் சுற்றிவரும் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை வெட்டத் தொடங்கிவிடும். செலுத்திய மருந்தில் பெரும்பங்கு தசையைச் சென்று சேர்வதற்கு முன்பே வெட்டுப்பட்டுவிடுகிறது. எஞ்சிய சிறு பங்குதான் அந்த ஐந்து நிமிடத் தளர்ச்சியைத் தருகிறது. நாங்கள் கொடுக்கும் அளவே இந்த இழப்பைக் கணக்கில் வைத்துத்தான். நொதி இல்லாத ஒருவருக்கு அதே இரண்டு மில்லிலிட்டர் பல மடங்கு மிகை அளவாகிவிடும். பிறகு சிறுநீரகத்தின் வழியாகவும் மிக மெதுவான பிற வழிகளிலும் அது வெளியேறும்வரை காத்திருப்பதைத் தவிர நாம் செய்ய வேறொன்றும் இல்லை. வென்டிலேட்டரும் பொறுமையும் இருந்தால் ஆபத்தும் இல்லை.

இந்த மருந்தின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. 1906இலேயே ரீட் ஹன்ட் என்பவரும் அவருடைய உடனாய்வாளரும் இதை விலங்குகளுக்குச் செலுத்தி ஆராய்ந்தார்கள். ஆனால் அந்த விலங்குகளுக்கு ஏற்கெனவே குராரே கொடுத்துத் தசைகளை முடக்கியிருந்ததால், புதிய மருந்தும் தசையை முடக்குகிறது என்பது அவர்கள் கண்ணில் படவேயில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து 1949இல் டேனியல் போவே அதைக் கண்டறிந்தார்; 1951 முதல் மனிதர்களுக்கு மயக்க மருத்துவத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. வந்த சில ஆண்டுகளிலேயே, எப்போதாவது ஒருவருக்கு மட்டும் மணிக்கணக்கில் மூச்சு திரும்பாமல் போவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். டொரொண்டோவில் இருந்த வெர்னர் காலோ 1957 வாக்கில் அதற்கு ஒரு சோதனையை வகுத்தார். டைபுகெய்ன் என்ற மருந்தைச் சேர்த்தால் வழக்கமான நொதியின் வேலை நூற்றுக்கு எண்பது பங்கு தடைபடும். மாறுபட்ட நொதியின் வேலை நூற்றுக்கு இருபது பங்குதான் தடைபடும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் மாற்றத்தைப் பெற்றவருக்கு இடைப்பட்ட எண் கிடைக்கும். மருந்துக்கும் மரபுக்கும் உள்ள உறவை ஆராயும் ஒரு துறையே கிளம்புவதற்கு இந்த எண் ஒரு தொடக்கமாக அமைந்தது. இன்றும் எங்கள் தேர்வுகளில் டைபுகெய்ன் எண் கேட்கப்படாத ஆண்டு குறைவு.

நானும் தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தவள்தான். அந்த இளைஞரின் இரத்த மாதிரியை என்ன செய்வது என்று தேடியபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தச் சோதனை, ஐரோப்பியரிடம் பரவலாக உள்ள மாற்றத்தைப் பிடிப்பதற்காக அமைந்தது. அவர்களிடம் நொதி இருக்கிறது, அதன் வடிவம்தான் சற்றுக் கோணல். ஆகவே தடையை அளக்க முடிகிறது. எங்கள் நோயாளியின் இரத்தத்திலோ அளக்கத் தகுந்த நொதியே இல்லை. இல்லாத ஒன்றை எண்பது பங்கு தடுத்தால் என்ன, இருபது பங்கு தடுத்தால் என்ன? பாடநூல் பெருமையோடு சொல்லும் எண், இங்கே பதில் சொல்லாமல் நின்றுவிடுகிறது.

பதில் கோயம்புத்தூரிலேயே இருந்தது. பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அமெரிக்காவில் இந்த நொதியை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ஒக்சானா லாக்ரிஜ் உள்ளிட்டோருடன் சேர்ந்து, ஆரிய வைசிய சமூகத்தில் இந்த நொதிக் குறைபாடு அசாதாரணமான அளவில் இருப்பதை ஆராய்ந்து, 2006இல் அதற்குக் காரணமான மாற்றத்தை வெளியிட்டார்கள். நொதியின் புரதச் சங்கிலியில் 307ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் அங்கே புரோலின் வந்து உட்கார்ந்துவிட்டது. புரோலின் சங்கிலியை விறைப்பாக வளைத்துவிடும் அமினோ அமிலம். வளைந்த புரதம் நிலையாக நிற்காமல் சிதைந்துபோகிறது. இந்த நொதி அறவே இல்லாதவர்கள் ஐரோப்பியரில் லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் உண்டு. இந்தச் சமூகத்திலோ நூற்றுக்குச் சிலர். எங்கள் நோயாளியின் குடும்பமும் கோவைப் பகுதியில் தலைமுறைகளாக வணிகம் செய்துவரும், வீட்டில் தெலுங்கு பேசும் அதே சமூகம்தான். பேராசிரியர் நோயாளியைப் பார்க்காமலேயே நோயைச் சொன்னதற்கு அவருடைய நாற்பதாண்டு அனுபவமும், நான் தொலைபேசியில் படித்துக் காட்டிய பெயரும் காரணம் என்று பின்னர் அறிந்தேன்.

இப்போது, அன்றிரவு கேஸ் ஷீட்டில் எழுதிய வரிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் மருத்துவம் படித்த எவருக்கும் "சொந்தத்துல கல்யாணமா?" என்ற கேள்வி தன்னிச்சையாக வாயில் வரும். மாமன் மகளையும் அக்கா மகளையும் மணப்பது இங்கே வழக்கமாக இருந்ததால், அரிய மரபு நோய் எது வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை. ஆனால் 'அசல்' என்று பதில் வந்தவுடன் மரபு பற்றிய சிந்தனையை மூடிவைத்துவிடுகிறோமே, அதுதான் தவறு. அப்பாவுக்குக் கோவை, அம்மாவுக்குக் குண்டூர். நினைவுக்கெட்டிய தலைமுறை எதிலும் உறவில்லை. இருந்தும் இருவரும் ஒரே எழுத்துப்பிழையைச் சுமந்தார்கள். தற்செயலாக இருக்க முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அழுத்தம் புரியும். ஹார்டியும் வைன்பெர்க்கும் 1908இல் தனித்தனியே சொன்ன எளிய விதியை எடுத்துக்கொள்வோம்: ஒரு நகல் பழுதாக இருக்கும் வாய்ப்பை அதனாலேயே பெருக்கினால், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான நகலைப் பெற்றுக் குறைபாட்டோடு பிறப்பவர்களின் விகிதம் கிடைக்கும். ஒரு சமூகத்தில் இருபத்தைந்து பேருக்கு ஒருவரிடம் குறைபாடு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த மரபணுவின் நகல்களில் ஐந்தில் ஒன்று பழுதானது என்றாகிறது. ஒரு பழுதான நகலைச் சுமந்து நலமாக இருப்பவர்கள் நூற்றுக்கு முப்பத்திரண்டு பேர். முன்பின் தெரியாத இருவர் மணந்தாலும், இருவரும் சுமப்பவர்களாக அமைவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மாறாக, முந்நூறில் ஒரு நகல்தான் பழுது என்றுள்ள வேறொரு சமூகத்தில், உறவில்லாத பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைகளில் 90,000 பேருக்கு ஒருவருக்குத்தான் குறைபாடு வரும். அங்கே அத்தை மகனையோ மாமன் மகளையோ மணந்தால் அது ஏறக்குறைய 4,600 பேருக்கு ஒருவராகும், அதாவது இருபது மடங்கு உயரும். முதலில் சொன்ன சமூகத்தில் அதே உறவுத் திருமணம் என்ன செய்யும்? நூற்றுக்கு நான்கு என்பது நூற்றுக்கு ஐந்தாகும். அவ்வளவுதான். நாம் விடாமல் கேட்கும் கேள்வி, முதல் சமூகத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழ எதையுமே பிரித்துக் காட்டுவதில்லை. அங்கே எல்லாருமே தூரத்து உறவினர். அந்த உறவு யாருடைய நினைவிலும் இல்லை என்பது மட்டுமே வேறுபாடு. இத்தனைக்கும் ஒரே கோத்திரத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கக் கூடாது என்ற விதியை நூற்றிரண்டு கோத்திரங்களோடு கண்டிப்பாகக் காத்துவருபவர்கள் ஆரிய வைசியர்கள். கோத்திரம் தந்தைவழியை மட்டும் எண்ணுவது. மரபணு இருவழியும் வரும்.

ஐந்தில் ஒன்று என்ற நிலைக்கு ஒரு பழுது எப்படி உயர்ந்தது? எங்கள் தாத்தா விதைநெல் எடுக்கும்போது களத்து நெல் முழுவதிலிருந்தும் கலந்து எடுப்பார். ஒரு மூலையிலிருந்து கைப்பிடி அள்ளினால் அதில் கலவன் கூடுதலாக வந்துவிடும் என்பார். பெரிய குவியலில் ஆயிரத்துக்கு ஒன்றாக இருந்த கலப்பு நெல், தற்செயலாக ஒரு கைப்பிடியில் ஐம்பதுக்கு ஒன்றாக அமைந்துவிடக்கூடும். அந்தக் கைப்பிடியை மட்டும் விதைத்து, வெளியிலிருந்து ஒரு மணியையும் சேர்க்காமல், அதன் விளைச்சலையே மீண்டும் மீண்டும் விதைத்து வந்தால், வயல் எத்தனை ஏக்கராக விரிந்தாலும் அந்த விகிதம் கூடவே வரும். தொடக்கத்தில் மணிகள் குறைவாக இருந்த சில போகங்களில் இன்னும் ஏறியும் போகலாம். பரிணாம உயிரியலில் இதற்கு நிறுவனர் விளைவு என்று பெயர். இதில் நன்மை தீமை எதுவும் இல்லை, இயற்கைத் தேர்வின் கையும் இல்லை. சிறிய எண்ணிக்கையின் சூதாட்டம் மட்டுமே உண்டு. மக்கள்தொகை பின்னாளில் லட்சங்களாகப் பெருகினாலும், அந்தக் கைப்பிடியின் தடம், தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் அகமணத்தால் அழியாமல் நின்றுவிடுகிறது.

அந்தத் தடத்தை எண்ணால் காட்டியவர்கள் ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக் குழுவும். 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2009இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, இந்தியர்களின் மூதாதையர் கலப்பைப் பற்றியது என்றே பத்திரிகைகளில் பேசப்பட்டது. மருத்துவராக நான் அதில் நின்று படித்த பகுதி வேறு: பல குழுக்களில் இப்படிப்பட்ட கைப்பிடிகள் இருந்திருக்கின்றன, வைசியருடையது நூறு தலைமுறைகளுக்கும் முற்பட்டது என்கிறது அது. நூறு தலைமுறையாக வெளியிலிருந்து கலப்பு ஏறக்குறைய இல்லாமல் இருந்தால்தான் அந்தத் தடம் இவ்வளவு தெளிவாக எஞ்சியிருக்க முடியும். 2013இல் வந்த அடுத்த கட்டுரை, இன்றைக்கு ஏறத்தாழ 4,200 ஆண்டுகள் முதல் 1,900 ஆண்டுகள் முன்பு வரை இந்தத் துணைக்கண்டத்தில் எல்லாத் தரப்பும் கலந்தது என்றும், பிறகே கதவுகள் சாத்தப்பட்டன என்றும் காட்டியது. தூய்மை பேசுவோர் இந்த ஆய்வுகளைக் கையில் எடுப்பதைப் பார்க்கும்போது, அவர்கள் முதல் பாதியைப் படிக்கவில்லையோ என்று எனக்குத் தோன்றும். 2017இல் 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் 81 குழுக்களின் நிறுவனர் விளைவு, மரபு நோய்களுக்காக உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட வலுவாக இருந்தது. ஆகவே, வைசியர் கதை அவர்களுடைய கதை மட்டுமில்லை. ஒரு மருந்து அவர்களிடம் அதைக் காட்டிக்கொடுத்தது. மற்ற குழுக்களில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்க நாம் இன்னும் சரியான கேள்வியைக் கேட்கவில்லை.

மருத்துவக் கல்லூரியில் பரிணாமம் என்று எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது ஒரே ஒரு எடுத்துக்காட்டு: அரிவாள் அணுச் சோகையும் மலேரியாவும். ஒரு நகல் இருந்தால் மலேரியாவிலிருந்து காப்பு, இரண்டு இருந்தால் நோய். 1954இல் அந்தோணி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் காட்டியது அது. அதற்கு இரண்டாண்டு முன்பே நீலகிரிப் பழங்குடிகளிடம் அந்த அணு இருப்பதை லேமனும் கட்புஷும் பதிவு செய்துவிட்டார்கள். அழகான எடுத்துக்காட்டுதான், ஆனால் அதை மட்டும் படித்ததால் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த மரபு மாற்றம் அதிகமாகத் தென்பட்டாலும் 'இதனால் என்ன நன்மை இருந்திருக்கும்?' என்று தேடத் தொடங்கிவிடுகிறோம். இந்த நொதிக் குறைபாட்டுக்கும் அப்படி ஒரு நன்மையை இட்டுக்கட்டிய விரிவுரையை நான் கேட்டிருக்கிறேன். தேவையே இல்லை, விதைநெல் போதும்.

வேறொரு வகையும் உண்டு. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் உள்ளது என்று 2009இல் தெரியவந்தது. அது பல சமூகங்களிலும் பல மொழியினரிடமும் பரவியிருப்பதால் சாதிக் கதவுகள் சாத்தப்படுவதற்கு மிகவும் முற்பட்டது. சுமப்பவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. வருபவர்களில் பலருக்கும் பிள்ளை பெற்று வளர்த்த பிறகு வருவதால் இயற்கைத் தேர்வு அதைக் கண்டுகொள்ளவில்லை. மருத்துவமனை வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேரின் மரபணுக் குறைகளுக்குப் பின்னால் இப்படி மூன்று வேறு வரலாறுகள் இருக்கலாம்.

நம் நொதிக்குத் திரும்புவோம். அது இல்லாதவர்களை ஆராய்ந்தபோது அவர்களுக்கு வேறெந்தக் குறையும் தென்படவில்லை. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் வேலை செய்வது இதன் நெருங்கிய உறவான அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். அது இல்லாமல் வாழவே முடியாது. இது இரத்தத்தில் சுற்றிக்கொண்டு, உணவோடு வரும் சில தாவர நஞ்சுகளைத் துடைப்பதற்காக இருந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. எப்படியாயினும், 1951 வரை இந்தக் குறைபாட்டால் ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. நூறு தலைமுறையாகச் சத்தமின்றிக் கிடந்த ஓர் எழுத்துப்பிழை, ஆய்வகத்தில் பிறந்த ஒரு மருந்து வந்த பிறகே நோயானது. நோய் என்று நாம் எழுதுவது உடலின் பண்பு மட்டுமல்ல, உடலும் அது சந்திக்கும் பொருளும் சேர்ந்த கணக்கு என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

இனி நடைமுறைக்கு. அப்படியானால் அறுவைக்கு முன் எல்லாரிடமும் சாதியைக் கேட்க வேண்டுமா? பேராசிரியர் பெயரைக் கேட்டே ஊகித்தார். அது அவருடைய தலைமுறைக்குக் கைவந்தது. பெயருக்குப் பின்னால் சாதியை எழுதாத ஊரில், படுக்கையில் வலியோடு கிடப்பவரிடம் அதைக் கேட்பது எனக்கு நாக் கூசும் செயல். கேட்டாலும் பயன் அரைகுறைதான். ஒரே பட்டத்தைச் சூடும் வெவ்வேறு சமூகங்கள் உண்டு. கலப்பு மணம் செய்தவரின் பேரக்குழந்தை எந்தக் கட்டத்தில் டிக் செய்யும்? நான் கேட்பது வேறு: "உங்க வீட்டுல, சொந்தபந்தத்துல, யாருக்காவது ஆபரேஷன் முடிஞ்சு மூச்சு வரவோ மயக்கம் தெளியவோ ரொம்ப நேரம் ஆச்சா?" பெரியப்பாவின் ஹெர்னியா அந்தக் கேள்வியில் வந்து விழும். அன்றிரவு இதை நான் ஊசி போடுவதற்கு முன்பு கேட்டிருக்க வேண்டும், அவசரத்தில் கேட்கவில்லை.

சந்தேகம் வந்தால் செய்யும் சோதனைக்கு வெளிநாட்டு ஆய்வகம் எதுவும் வேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பூச்சிமருந்து குடித்து வருகிறவர்களை அன்றாடம் பார்க்கும் நம் ஊர் மருத்துவமனைகளில், இரத்த நீரிலுள்ள கோலினெஸ்டரேஸ் அளவு சாதாரணமாகச் செய்யப்படும் சோதனை. ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சுகள் இதே நொதியையும் முடக்குவதால் அளவு அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அந்த நோயாளிகளுக்கு ஸ்கோலின் கொடுத்தால் மூச்சு திரும்பத் தாமதமாகும் என்பதும் எங்களுக்கெல்லாம் மனப்பாடம். வயலில் தெளிக்கும் நஞ்சுக்காகக் கற்றுக்கொண்ட சோதனை அப்படியே இங்கே பொருந்துகிறது. டைபுகெய்ன் திணறும் இடத்தில் இது நேராகச் சொல்லிவிடுகிறது. இதன் மறுபக்கத்தையும் நினைவில் வைக்க வேண்டும். பிறவியிலேயே நொதி இல்லாத ஒருவர் வேறு காரணத்தால் நினைவிழந்து வந்து, அவருடைய சோதனையில் அளவு மிகக் குறைவாக இருந்தால், பூச்சிமருந்து குடித்தவர் என்று முடிவுகட்டி, அதற்கான முறிமருந்தான அட்ரோபினை ஏற்றத் தொடங்கிவிட வாய்ப்புண்டு. கண்மணி சுருங்கியிருக்கிறதா, எச்சில் வழிகிறதா, வியர்வை இருக்கிறதா என்று நோயாளியைப் பார்க்காமல் காகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்தப் பொறி காத்திருக்கிறது.

இப்போது நிறைவயிற்று நோயாளிகளுக்கு ரோகுரோனியம் என்ற மாற்று இருக்கிறது. அது இந்த நொதியை நம்பியிருப்பதில்லை. வேண்டும்போது சுகமடெக்ஸ் என்ற வளைய வடிவ மூலக்கூறு அதைத் தன் குழிக்குள் அடக்கிக்கொள்ளும். விலை கூடுதல் என்பதால் எல்லா இடத்திலும் ஸ்கோலின் குப்பி ஃபிரிட்ஜை விட்டுப் போய்விடவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த இளைஞர் அண்ணனுடனும் அக்காவுடனும் வந்தார். உடன்பிறந்தவர்களுக்கு நான்கில் ஒரு வாய்ப்பு என்பதால் இருவரையும் சோதித்தோம். அண்ணனுக்குப் பாதியளவு; அதனால் ஒன்றுமில்லை. அக்காவுக்கு அறவே இல்லை. அவருக்கு அப்போது திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அண்ணன் தயங்கித் தயங்கி, "மாப்பிள்ளை வீட்டுல இதைச் சொல்லணுங்களா மேடம்?" என்று கேட்டார். நியூயார்க்கின் யூதர்களிடையே, டே-சாக்ஸ் நோயில் நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்த ஒரு மதகுரு 1983இல் தொடங்கிய ஓர் அமைப்பு, திருமணத்துக்கு முன் இருவரின் இரத்தத்தையும் எண்களாக வைத்துக்கொண்டு பொருத்தம் சொல்கிறது என்று அப்போதுதான் படித்திருந்தேன். குழந்தையைக் கொல்லும் நோய்க்கு அது பொருந்தும். இது அப்படிப்பட்டதில்லை, வாழ்நாளில் ஓரிரு ஊசிகளைத் தவிர்த்தால் போதும், ஒரு மருந்து ஒவ்வாமையைச் சொல்வது போலச் சொன்னால் போதும் என்றேன். அக்கா இடைமறித்து, "பிரசவத்துக்கு ஆபரேஷன்னா?" என்றார். அதுதான் சரியான கேள்வி. ஒரு மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில், எந்த ஊர் மருத்துவருக்கும் நர்ஸுக்கும் புரியும்படி எழுதிக் கொடுத்தேன்: ஸ்கோலின், அதே நொதியால் வெட்டுப்படும் தசைத் தளர்த்தியான மிவாகுரியம் இரண்டும் கொடுக்கக் கூடாது, கோலினெஸ்டரேஸ் பிறவியிலேயே இல்லை, தம்பிக்கும் பெரியப்பாவுக்கும் ஏற்கெனவே நேர்ந்தது. அடுத்த முறை தையல் பிரிக்க வந்த தம்பியிடம் அதன் நகல் ஒன்று லேமினேட் செய்யப்பட்டு, ஓட்டுநர் உரிமத்தோடு பர்ஸில் இருந்தது. அக்கா தன்னுடையதைத் தாலிக்கொடி வாங்கும்போது நகைப்பெட்டியில் வைக்கப்போவதாகச் சொன்னாராம்.